இரண்டரைப் பேர் வீடு

1985இல் லண்டனில் எங்களுக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைப்பதற்குப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பரீட்சை மட்டும் இருந்தது. அதுவும் வாய்மொழிப் பரீட்சை. எந்த ஊர்? ஊரிலே எந்தப் பக்கம்? ஆற்றை மகன்? மூன்றுக்கும் திருப்தியாக விடை சொன்னவனுக்கு ஈஸ்ட் ஹாமில் மாடிப் பின்னறை கிடைத்தது. இரண்டாவது கேள்வியில் தடுமாறியவனுக்கு, ‘யோசிச்சுச் சொல்லுறன் தம்பி’ என்ற பதில் கிடைத்தது. அந்த யோசனை முடிந்ததாக இன்றுவரை தகவல் இல்லை.

வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேறு பரீட்சை. பேப்பர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டைகளைப் பார்த்து, ரெலிபோன் பெட்டிக்குள் நின்று எண்ணைச் சுழற்றுவோம். எடுத்தவுடன் அறை இருக்கும். நாங்கள் இரண்டு வசனம் பேசி முடிப்பதற்குள் அறை போய்விடும். நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 1968இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே ஒருவரும் நிறத்தைக் காரணம் காட்டவில்லை. அறைகள்தான் தற்செயலாகப் போய்க்கொண்டே இருந்தன.

ஆக, அந்தக் காலத்தில் மதிப்பெண் எல்லாம் குடியிருக்க வருபவனுக்கு. வீட்டுக்கு மதிப்பெண் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டிருந்தால் எங்கள் அறைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இப்போது என்னால் ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். அதற்கு அறையைக் கொஞ்சம் காட்ட வேண்டும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வெளியே குளிர்ந்தால் உள்ளே கடதாசி ஒட்டிய பக்கம் வியர்க்கும். கட்டிலுக்குப் பின்னால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். வினாகிரி போட்டுத் துடைத்தால் கொஞ்ச நாள் மறைந்திருந்து, ஆறுதலாகத் திரும்பி வரும். மேலும் கீழும் இழுக்கிற மரச்சட்ட யன்னல். அதன் இடுக்குகளில் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருப்போம். காற்றுப் பலமான இரவுகளில் அது தானே செய்தி வாசிக்கும்.

சுவரில் பழைய கணப்புப் பொந்து. அதற்குள் ஒரு காஸ் ஹீற்றர். பக்கத்தில் காசு போடுகிற மீற்றர். ஐம்பது பென்ஸ் குற்றியை அதன் வாயில் வைத்துக் கைபிடியைத் திருக வேண்டும். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் காசின்மேல் காசு விழுகிற சத்தம் கேட்கும். வெறும் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டால், இன்றைக்கு முதல் ஏமாளி நான்தான் என்று அர்த்தம். காசு முடியப் போகிறது என்றால் சுவாலை முதலில் குள்ளமாகும், பிறகு நீலமாய்ப் படுத்து அணையும். அணைந்ததும் எல்லோரும் நித்திரைபோலக் கிடப்போம். யார் எழும்பிக் காசு போடுவது என்பதில் ஒருவருக்கொருவர் பேசாமலே கடும் போட்டி நடக்கும்.

மீற்றர்ப் பெட்டியின் திறப்பு வீட்டுக்கார அண்ணையிடம் இருந்தது. ஞாயிறு காலையில் வந்து திறந்து, குற்றிகளைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு போவார். வாடகைக்காரருக்கு இன்ன விலைக்கு மேல் காஸோ கரண்டோ விற்கக் கூடாது என்று அப்போதே உச்சவிலை இருந்ததாம். எங்களுக்கு அது தெரியாது. அண்ணைக்குத் தெரிந்திருக்கலாம், மீற்றருக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவில் நின்றவன் காலையில் வந்து சேரும்போது, பகல் வேலைக்காரன் அப்போதுதான் எழும்பியிருப்பான். மெத்தை ஆறுவதற்குள் ஆள் மாறும். ஹீற்றர் இல்லாமலே சூடு ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்குக் கைமாறியது. ஒன்பது பேருக்கு எரிந்த காஸையும் கரண்டையும் தலைக்குப் பிரித்துப் பார்த்தால், லண்டனிலேயே மிகச் சிக்கனமான வீடுகளில் ஒன்றை நாங்கள் நடத்திக்கொண்டிருந்தோம். பாராட்ட ஆள் இல்லை.

பிறகு வீடு வாங்குகிற காலம் வந்தது. 1989இல் 15 வீதத்தைத் தொட்ட வட்டி 1993இல் இறங்கிவிட்டது. வீட்டு விலையும் விழுந்து கிடந்தது. சீட்டுப் பிடித்த காசை முற்பணமாகக் கட்டி, பழைய அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அதே மாதிரி ஒரு வரிசை வீட்டை வாங்கினேன். வாங்க முன்பு ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். வாசல் எந்தத் திசை, வீட்டு இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வருகிறதா, கோயில் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வங்கி அனுப்பிய சேர்வேயர் கூரையைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார். சொலிசிற்றர் கவுன்சிலுக்கு எழுதி, வீட்டுக்கு மேலால் நெடுஞ்சாலை வருமா என்று விசாரித்தார். இந்தச் சுவர் எவ்வளவு சூட்டைத் தெருவுக்கு விடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலும் இல்லை. ஊரில் ஐயா காணி விற்றபோது நொத்தாரிசு எழுதிய உறுதி என்னிடம் இருக்கிறது. வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, உள்ளே நிற்கிற பனை, கிணற்றிலும் அதற்குப் போகிற வழி வாய்க்காலிலும் உள்ள பங்கு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். தண்ணீருக்குத்தான் பங்கு. வெப்பத்தை வெயில் இலவசமாகக் கொடுத்ததால் அது உறுதியில் ஏறவில்லை.

உறுதியில் ஏறாத அந்தப் பொருள் 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை ஒன்றில் ஏறியது. கட்டடத்தை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், அது எவ்வளவு எரிசக்தியை விழுங்கும் என்று சொல்லும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்றது அது. இங்கிலாந்து அதை நடைமுறைப்படுத்திய விதம் இங்கிலாந்துக்கே உரியது. 2007 ஓகஸ்ட் முதலாம் திகதி ‘ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்’ என்று ஒரு கட்டு வந்தது. வீட்டை விற்க விளம்பரம் போட முன்பே விற்பவர் தன் செலவில் அந்தக் கட்டைத் தயாரிக்க வேண்டும். முதலில் நாலு படுக்கையறை வீடுகளுக்கு, பிறகு மூன்றுக்கு, அந்த வருட முடிவுக்குள் எல்லாவற்றுக்கும். சான்றிதழ் அந்தக் கட்டுக்குள் ஒரு தாள்.

புதிய தொழில் ஒன்று பிறக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஆட்களிலும் சிலர் பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவை விட்டுவிட்டு, கைக்காசைக் கட்டி மதிப்பீட்டாளர் படிப்புப் படித்தார்கள். 2010 மே மாதம் ஆட்சி மாறியது. மாறிய சில நாளிலேயே புது அரசு அந்தக் கட்டை நிறுத்திவிட்டது. கட்டு போனது, உள்ளே இருந்த அந்த ஒரு தாள் மட்டும் தப்பிப் பிழைத்தது. 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே வெளியேறியது. தாள் வெளியேறவில்லை. படித்தவர்களின் காசு அப்படித்தான் ஓரளவு வீண்போகாமல் தப்பியது.

அந்தத் தாளைத்தான் நாங்கள் ‘ஈபிசி’ என்கிறோம். ஏயிலிருந்து ஜி வரை ஏழு எழுத்து. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற படிகள். 92 அல்லது அதற்கு மேலே எடுத்தால் ஏ. 39 முதல் 54 வரை ஈ. 20 அல்லது அதற்குக் கீழே ஜி. பத்து வருடம் செல்லும். பக்கத்தில் இன்னொரு நிரலில், ‘செய்யவேண்டியதைச் செய்தால் இந்த வீடு இத்தனை எடுக்கும்’ என்று ஒரு கற்பனை மதிப்பெண்ணும் இருக்கும். மகனின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில், கெட்டிக்காரன் ஆனால் முயற்சி போதாது என்று எழுதுவார்களே, அதே சுருதி.

2008இல் குடும்பம் பெருத்ததால் நாங்கள் வேறு இடம் போய், ஈஸ்ட் ஹாம் வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தோம். அந்த ஒக்டோபரிலிருந்துதான் வாடகை வீட்டுக்கும் ஈபிசி கட்டாயம். எடுத்தேன். எஃப், 38. ஈக்கு ஒரு புள்ளி குறைவு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏஜென்சி அதைக் கோப்பில் போட்டது, வாடகைக்கு வந்தவர் திறந்தும் பார்க்கவில்லை, எஃப் எடுத்த வீட்டுக்கும் அதே வாடகைதான். பரீட்சையில் தோற்றதற்குத் தண்டனை இல்லாத பொற்காலம் அது.

பொற்காலம் 2018 ஏப்ரல் முதலாம் திகதி முடிந்தது. எஃபும் ஜியும் உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம். 2020 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டுக்கும் அதே விதி. மீறினால் அபராதம் 5,000 பவுண் வரை போகும். என் பத்து வருடத் தாளும் சரியாக 2018இலேயே காலாவதி. புது மதிப்பீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன்.

வந்தவர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பொடியன். கையில் ரப்லெற், லேசர் அளவுகோல், மடக்கு ஏணி. சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், முதலில் சுவரைத் தட்டவில்லை, யன்னலைத் தொடவில்லை. தலையை நிமிர்த்தி மின்குமிழ்களை எண்ணத் தொடங்கினார்.

‘அங்கிள், இதில எத்தனை எல்ஈடி?’

‘தம்பி, குமிழை விடும், சுவரைப் பாரும்.’

‘சுவர் பிரச்சினை இல்லை அங்கிள். வீடு எப்ப கட்டினது எண்டு சொன்னாக் காணும்.’

1900க்கு முன்னா, 1900 முதல் 1929 வரையா என்று ரப்லெற் கேட்டது. முன் என்று அமத்தினார். கட்டிய காலம் தெரிந்ததும் சுவருக்குள் என்ன இருக்கும் என்பதை மென்பொருளே ஊகித்துக்கொண்டது: கட்டிச் செங்கல், காப்பு இல்லை. சான்றிதழிலும் ‘ஊகம்’ என்றே அடைப்புக்குறிக்குள் நேர்மையாக அச்சிடுவார்கள். சுவரில் துளை போட்டுப் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது.

கூரைக்குள் ஏறி, அங்கே விரித்திருந்த கம்பளிப் பஞ்சில் அளவுகோலைக் குத்திப் படம் எடுத்தார். 100 மில்லிமீற்றர். 270 இருக்க வேண்டும். சுடுதண்ணீர்த் தாங்கிக்குச் சட்டை இல்லை என்று படம் எடுத்தார். மூடாமல் கிடந்த கணப்புப் பொந்தைப் படம் எடுத்தார். கீழே முன்னறைக்கு வந்தபோது எனக்கு உற்சாகம் பிறந்தது. அந்த அறையின் தரைப்பலகையைக் கழற்றி, கீழே நானும் மச்சானும் காப்புப் பஞ்சு அடைத்திருந்தோம். முதுகு பிடித்துக் கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. சொன்னேன்.

‘ரசீது இருக்கா அங்கிள்?’

‘இல்லை.’

‘செய்யேக்க எடுத்த படம்?’

‘அப்ப எங்க படம்!’

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். ‘அப்ப அது அங்க இல்லை அங்கிள்.’

தரையில் நின்றுகொண்டே அந்தத் தரையின் கீழ் ஒன்றும் இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். காகிதம் எடுக்க வேண்டுமானால் அதற்கு முன் வேறொரு காகிதம் இருந்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் ஆழமான தத்துவம்.

எனக்கு அந்தப் பொடியனிடம் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவே இல்லை. ‘தேவையில்லை அங்கிள், அதையும் கணக்கே எடுக்கும்’ என்றார். சாப் என்று அழைக்கப்படும் அந்தக் கணக்கு, தரையின் பரப்பளவை வைத்து ஆட்களை நிர்ணயிக்கும். 85 சதுர மீற்றர் வீட்டுக்கு இரண்டரைப் பேருக்குச் சற்றுக் கூட. அந்த இரண்டரைப் பேரும் தங்கள் இருப்பறையை 21 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவர் உடம்பும் 60 வாட் சூட்டை வீட்டுக்குத் தரும். அதுவும் கணக்கில் உண்டு. இதே அளவு வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். 540 வாட் உடம்புச் சூடு! அதைக் கணக்கில் சேர்ப்பதற்குச் சாப்பில் இடம் இல்லை. வீட்டைத்தான் அளக்கிறார்கள், இருப்பவரை அல்ல. ஆட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எங்கள் பழைய அறை ஜி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பொடியன் போக முன்பு இரகசியம்போலச் சொன்னார்: இப்போதைக்கு 37. எல்ஈடி குமிழ் மாற்றி, தாங்கிக்குச் சட்டை போட்டு, பொந்தை அடைத்து, கூரையில் பஞ்சு கூட்டினால் ஈக்கு வந்துவிடும். அப்படியே செய்தேன். 41 வந்தது. சுவர் பழையபடி தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டப்படி வீடு இப்போது வாடகைக்குத் தகுதியானது.

விற்பவர் பாடு இன்னொரு மாதிரி. அண்மையில் மச்சான் தன் வீட்டை விற்றார். ஈபிசிக்கு ஏற்பாடு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது என்பதால் அது முதலில் முடிந்தது, அது சுகம். அதற்குப் பிறகு சொலிசிற்றர் அனுப்பிய சொத்து விவரப் படிவத்தில், யன்னல்கள் 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றியவையா என்று கேள்வி. ஆம் என்றால் முறைப்படி பூட்டியதற்கான ஃபென்சா சான்றிதழ் வேண்டும், அல்லது கவுன்சிலின் கட்டட அனுமதி வேண்டும். யன்னல் போட்டவர் ஊர் ஆள்; கையால் காசு வாங்கியவர்; இப்போது கனடாவில். என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாததால் பிற்காலத்தில் வரக்கூடிய நட்டத்துக்கு ஒரு காப்புறுதி வாங்கலாம். மச்சான் வாங்கினார். இல்லாத காகிதத்துக்காக இருக்கிற காகிதம் ஒன்று விலைக்கு வந்து கோப்பில் அமர்ந்தது. யன்னலை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

வாடகைக்கு விடுகிற என் கோப்பு இதைவிடப் பருமன். முற்பணத்தை 2007 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். என் முதல் அறையின் முற்பணம் அண்ணையின் சேட்டுப் பையில் பாதுகாப்பாக இருந்தது, கடைசி வரை வெளியே வரவில்லை. எங்கள் நியூஹாம் கவுன்சில் 2013இல் முழுப் பகுதிக்குமே வீட்டுக்காரர் உரிமம் கொண்டுவந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 2015இல் புகை எச்சரிக்கைக் கருவி. அதே வருடம், வாடகைக்கு இருப்பது எப்படி என்று அரசு எழுதிய கையேட்டை வாடகைக்காரர் கையில் கொடுக்கும் கடமை. அதையும் ஈபிசியையும் காஸ் சான்றிதழையும் கொடுக்காதவர், காரணம் சொல்லாமல் ஆளை எழுப்பும் நோட்டீசைக் கொடுக்க முடியாமல் இருந்தது. 2020இல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மின்சாரப் பரிசோதனை. 2025இல் வந்த சட்டம் காரணம் சொல்லாமல் எழுப்பும் அந்த நோட்டீசுக்கே முடிவு கட்டியது. அண்ணை எழுப்பிய விதம் சுருக்கமானது: சூட்கேஸ் வாசலில் இருக்கும்.

இந்தக் காகிதங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் நான் முணுமுணுப்பதில்லை. வருடாந்தக் காஸ் பரிசோதனை. பழைய அறையில் அந்த ஹீற்றரை ஒருவரும் சோதித்ததில்லை. காலையில் எல்லோருக்கும் தலையிடி இருக்கும். இரவு வேலைக் களைப்பு என்று பனடோல் போட்டுக்கொள்வோம். புகைபோக்கி அடைபட்டால் காபன் மொனொக்சைட் அறைக்குள்ளேயே தங்கும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் யன்னல் இடுக்குகளை இன்னும் வடிவாக அடைத்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. எங்களைக் காப்பாற்றியது அந்த வீட்டின் திறமையின்மை.

காகிதங்கள் எல்லாமே வீட்டை நோக்கித் திரும்பிவிட்டன என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 2016 பெப்ரவரியிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும், வருகிறவருக்கு இந்த நாட்டில் வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்த்து ஆதாரத்தை வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, உள்துறை அமைச்சின் இணையத்தில் சரிபார்க்கும் எண். அகதியாக வந்து அறை தேடியவன் இப்போது சம்பளமில்லாத எல்லைக் காவலன். அண்ணை எந்த ஊர் என்று கேட்டார். நான் எந்த நாடு என்று கேட்கிறேன். அவர் கேட்டது அவருடைய குணம். நான் கேட்பது சட்டம். கேட்கப்படுபவனுக்கு வித்தியாசம் எவ்வளவு என்று தெரியவில்லை.

இப்படியான கோப்போடு போன மாரியில் வீட்டைக் காட்டப் போனேன். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, மென்பொருள் வேலை, மனைவியும் வந்திருந்தார். அறைகளைச் சுற்றிப் பார்க்கவில்லை. முன்னறையில் நின்றபடி போனை நீட்டினார். பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. தபால் குறியீட்டைப் போட்டால் எந்த வீட்டின் ஈபிசியையும் பார்க்கலாம். என் வீட்டின் முழுச் சரித்திரமும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

‘சார், முன்னாடி எஃப் இருந்திருக்கு, இப்போ ஈ. நாற்பத்தொண்ணு. சுவருக்கு இன்சுலேஷன் இல்லைன்னு போட்டிருக்கு. ஹீட்டிங்குக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னும் போட்டிருக்கு.’

‘அது ஊகம் தம்பி’ என்றேன். சட்டத்தின் சொல் அவசரத்துக்குக் கைகொடுத்தது.

‘இதே தெருவுல டி இருக்கிற வீடு ஒண்ணு பார்த்தோம் சார். வாடகை இதேதான்.’

மனைவி இதற்குள் யன்னலோரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காற்று வருகிறது என்று தமிழில் கணவருக்கு மட்டும் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார். நான் பேச்சை மாற்ற, ‘தம்பி திருச்சியில எந்தப் பக்கம்?’ என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ‘ஏன் சார், அதுக்கும் பாயின்ட் உண்டா?’

மாதம் முப்பது பவுண் குறைத்தேன். யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடவும் ஒப்புக்கொண்டேன், ஃபென்சா சான்றிதழோடு.

இதைக் கோயில் மண்டபத்தில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதானத்துக்கு இருக்கும் எங்கள் மேசையில் பாதிப் பேர் வீட்டுக்காரர்; எல்லோரும் ஒருகாலத்தில் ஐம்பது பென்ஸ் குற்றிக்கு நித்திரைபோலக் கிடந்தவர்கள். பேச்சு உடனே 2030க்குப் போனது. அந்த வருடத்துக்குள் வாடகை வீடுகள் எல்லாம் சிக்கு வர வேண்டும் என்கிறது அரசு. முந்திய அரசும் இதே சியைக் காட்டிப் பயமுறுத்தியது. 2023 செப்டெம்பரில் கைவிட்டது. ஆகவே செலவழிப்பவன் மடையனா, பொறுத்திருப்பவன் மடையனா என்பதே மேசையின் கேள்வி.

கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். விக்டோரியா காலத்துக் கட்டிச் சுவரில் பஞ்சை ஊதி அடைக்க இடைவெளி இல்லை. உள்ளே காப்பு ஒட்டினால் அறை சுருங்கும். வெளியே ஒட்டினால் செங்கல் முகம் மறையும். எப்படியும் ஆயிரங்கள் பல. வெப்பப் பம்பி பூட்டலாம் என்றால் அதில் இன்னொரு கூத்து. ஈபிசியின் எழுத்து எரிசக்திச் செலவைப் பார்த்தே போடப்படுகிறது. கரண்டு காஸைவிடப் பல மடங்கு விலை. ஆகவே பூமியைக் காப்பாற்றப் பொயிலரைக் கழற்றியவனின் வீடு சிலவேளை ஒரு படி இறங்கியும்விடும். ‘பூமிக்கு நல்லது, வீட்டுக்குக் கெடுதல்’ என்று ஒருவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் மேசைத் தலைப்பில் இருந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார். என்னோடு அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருந்தவர்; அவர் எழும்பிய மெத்தையில்தான் நான் படுத்தேன். இப்போது அவருக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் பல.

‘நாங்கள் இருக்கேல்லையே? ஒரு ஹீற்றர், ஒன்பது பேர். செத்தா போனம்? இப்ப வாறதுகளுக்கு இருபத்தொரு டிகிரி வேணுமாம். குளிரெண்டா இன்னொரு சுவெற்றரைப் போடுறது! எங்களுக்கு ஆர் சான்றிதழ் காட்டினவை?’

மேசை முழுக்கத் தலையாட்டியது. பட்ட கஷ்டத்துக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. முப்பது நாற்பது வருடம் கழித்தும் மற்றவர் குளிரில் வட்டி தருகிறது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்பதால் மறுக்கவும் முடியவில்லை. நாங்கள் இருந்தோம்தான். எங்களுக்கு ஒருவரும் சான்றிதழ் காட்டவில்லைதான். வாடகைக்காரர் இரட்டைக் கண்ணாடி கேட்கிறார் என்று நானும் அங்கே முறைப்பட்டேன். எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் திருச்சித் தம்பி காட்டித் தந்த வித்தையைச் செய்து பார்த்தேன். மேசைத் தலைப்பில் இருந்தவர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டின் தபால் குறியீடு எனக்குத் தெரியும், அடித்தேன். புதிதாகக் கட்டிய வீடு. பி, 84. சுவருக்குக் காப்பு உண்டு. அடைப்புக்குறிக்குள் ஊகம் என்ற சொல் எங்கும் இல்லை.